ஜொனி பி. குட்: முதலில் வலது கை

கிற்றாரில் இந்தப் பாட்டைப் பழக வருபவர்கள் நேரே முன்னிசைக்குத்தான் பாய்வார்கள். அது பிறகு. பன்னிரண்டு பார் (ஒரு பார் என்றால் நான்கு அடி) தாளக்கட்டு முதலில் வலது கையில் ஊறட்டும்.

1958இல் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக சக் பெரி சிக்காகோவில் பதிந்த மூலம் பி-பிளாட்டில் இருக்கிறது. பாடசாலை பாண்டில் ட்ரம்பெட் பழகியவருக்கு அது சி ஸ்கேல்தான், தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் கம்பியின் 6ஆம் பிரெட்டில் சுட்டுவிரல், ஐந்தாம் கம்பியின் 8இல் மோதிரவிரல். இரண்டு கம்பியையும் சேர்த்து இரண்டு தரம் அடித்து, சின்னவிரலை 10இற்கு நீட்டி இன்னும் இரண்டு தரம். விரல் எட்டாதா? முதலாம் பிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமத்தும் கவ்வி) போட்டு ஏ சுருதி வடிவங்களில் வாசியுங்கள்.

கோர்ட் வரிசை: பி-பிளாட் 4 பார், ஈ-பிளாட் 2, பி-பிளாட் 2, எஃப் 2, பி-பிளாட் 2. புளூஸ் பழகிய கை பத்தாம் பாரில் தானாக ஈ-பிளாட்டுக்கு இறங்கும். இங்கே இறங்கக்கூடாது, எஃப் இரண்டு பாரும் நிற்கும்.

இன்னொரு வழுக்கல் நம்மூருக்கே உரியது. கலியாண வீடுகளில் பைலா (இலங்கை ஆட்டப் பாட்டு) வாசித்த கை ஆறெட்டுத் தாளத்துக்குச் சரியும். மூலத்தில் டிரம்ஸ் சற்று ஆடி வர, கிற்றார் நேர் எட்டுகளாகவே ஓடுகிறது. அந்த உரசல்தான் பாட்டின் உயிர். மெட்ரோனோமை 100இல் வைத்துத் தொடங்கி, பிசகாமல் வந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். மூல வேகம் ஏறக்குறைய 168. 1977இல் வொயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறியதும் இந்தப் பதிவுதான். பிந்திய வேகப் பிரதிகளை நம்பவேண்டாம்.

இனி முன்னிசை. மெல்லிய முதலிரண்டு கம்பிகளையும் 6ஆம் பிரெட்டில் சுட்டுவிரலால் ஒன்றாக அமத்துங்கள். மூன்றாம் கம்பியின் 8ஐ மோதிரவிரலால் ஒரு முழுச்சுரம் வளைத்தால், இரண்டாம் கம்பியின் 6உடன் ஒரே சுரமாகச் சேரவேண்டும். சேராவிட்டால் பூனை கத்தும். இந்த வாசிப்பின் மூலம் பெரி அல்ல. 1946இல் பாடகர் லூயி ஜோர்டனின் பதிவொன்றில் கிற்றார்க்காரர் கார்ல் ஹோகன் வாசித்ததை ஒட்டியது. ஆம்பில் அதிக டிஸ்டோர்ஷன் வைத்தால் இரட்டைச் சுரங்கள் குழம்பிவிடும், விளிம்பில் லேசாகக் கரகரத்தால் போதும்.

யாழ்ப்பாணக் கரையோரம் குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்றில் கம்பி கெதியாகக் கறள் பிடிக்கும். கறள் கம்பி விரலில் உரசும், வளைத்த சுரமும் சரியான இடத்துக்கு வராது. வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிட்டே உறையில் போடுங்கள்.