கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்

மே மாதத்தில் மாடித் தொட்டிகளுக்குக் காலை 7 மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மதியம் செடி துவண்டு நிற்கிறதே என்று பதற வேண்டாம். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். மண்ணில் ஈரம் இருந்தால் வெயில் தாழ்ந்ததும் செடி தானாக நிமிர்ந்துவிடும். காய்ந்திருந்தால் மட்டும் மாலையில் இன்னொரு முறை ஊற்றலாம். மாடிக் குழாயில் முதலில் கொதிக்கக் கொதிக்க வருமே, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

மண்மேல் காய்ந்த இலைகளை மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். ஈரம் சீக்கிரம் போகாது, தண்ணீர்ச் செலவும் குறையும்.

தக்காளிப் பூ உதிர்ந்தால் உடனே உரத்தை அள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் வெக்கைதான் காரணம். வெயிலைப் பாதியாகக் குறைக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டினால் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். நுனி டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முற்றல், சாம்பாருக்கும் ஆகாது. காய்களை முற்றவிட்டால் புதுக்காய் பிடிப்பது குறைந்துவிடும். ஆடிப்பட்டத்துக்கு விதை வேண்டுமென்றால், இலையில் மஞ்சள் தேமல் இல்லாத நல்ல செடியில் இரண்டு காயை மட்டும் காயவிடுங்கள்.