ஜேர்மன் டிரெஸ் பயனட் வாங்கப் போறீங்களா, முதல்ல இதப் பாருங்க

ஜேர்மனில இரிக்கிற மச்சான் பழைய சாமான் சந்தைக்குப் போனா போட்டோ அனுப்பிக் கேப்பான், நான் மட்டக்களப்புல இருந்து சொல்றது இதுதான்.

பயனட் எண்டா துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி, ஆனா இந்த டிரெஸ் பயனட் சண்டைக்குச் செஞ்சதில்ல, கனக்க 1930கள்ல சிப்பாய்மார் சொந்தக் காசுல வாங்கி வெளிய போகக்குள்ள இடுப்புல கட்டினது, அதால அலகு நிக்கல் பூசிப் பளபளக்கும், கூர் இரிக்காது. அலகு 25 சென்டிமீட்டர் கிட்ட வந்தா நீட்டு, 20 எண்டா கட்டை.

பிடிக்குக் கிட்ட, செஞ்ச கம்பெனிட முத்திரையப் பாருங்க. வாள் பிடிச்ச அணில் எண்டா ஐக்ஹோர்ன், தராசு எண்டா அல்கோசோ, தெர்மாமீட்டர் எண்டா ஹொல்லர், எல்லாம் ஜேர்மனில உள்ள சோலிங்கன் ஊர்ச் சாமான். பிடி முனைத் துவாரத்துல சிவப்புத் துணி மிஞ்சிக் கிடந்தா நல்லது.

வெறும் அலகு சாதாரணம். "என்ட சேவைக்கால ஞாபகமா" எண்டு ஜேர்மன்ல எழுத்துப் பொறிச்சிருந்தாத்தான் விலை ஏறும், ஆனா போலியும் அதுலதான் கூட, லென்ஸ் வெச்சுப் பாருங்க, பழைய நிக்கலுக்கு மேல புதுசாச் சுரண்டின மாதிரி இரிந்தா விட்டுட்டு வாங்க.

உறையும் தோல்பட்டியும் சேந்து இரிக்கணும். பிராசோ பாலிஷ் போட்டு மட்டும் தேச்சிராதீங்க, மச்சான் ஒண்டத் தேச்சு நிக்கலே உரிஞ்சிட்டு. விலைக்கு, கேக்கிற காச விட்டுட்டு ஏலத்துல வித்து முடிஞ்ச காசப் பாருங்க.