மைக்கை விடாத பாடகரை இறக்குவது எப்படி?

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் யாரும் பாடலாம் என்று கானா மேடை போட்டால், ஒருவருக்கு 5 நிமிடம் என்பதைப் பெயர் எழுதும்போதே நேரில் சொல்லிவிடுங்கள். 4-வது நிமிடத்தில் எதிரே நிற்பவர் செல்போன் டார்ச்சைக் காட்டட்டும். அதற்கும் நிறுத்தவில்லையா? பல்லவி திரும்பி வரும்வரை பொறுத்து, கைதட்டிக்கொண்டே ஏறி, இன்னொரு மைக்கில் "அருமைண்ணா! அடுத்த தம்பி காத்துனு இருக்காரு" என்று சொல்லுங்கள். பாட்டின் நடுவே மைக்கை அணைக்காதீர்கள். சொந்தப் பேட்டைக்காரர்கள் முன்னால் அது பெரிய அவமானம், சண்டை அங்கேதான் தொடங்கும். சாதியையோ பெண்களையோ இழிவாகப் பாடினால் மட்டும் உடனே ஒலியை இறக்குங்கள், தயங்க வேண்டாம்.

குடித்துவிட்டு வந்தவரை மேடைக்குக் கீழேயே அவருடைய நண்பரை வைத்துப் பேசி நிறுத்துங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கடைசிப் பாடகர் 9.45-க்குள் ஏறிவிட வேண்டும்.