மெட்ரோ வேலைக் குழிக்கு யாரிடம் மனு கொடுப்பது?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதுகிற வேலை என் தலையில்தான். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து வளசரவாக்கம் பக்கத்தில் பலரும் என்னைக் கேட்பது ஒன்றே: "யார்கிட்ட சார் சொல்றது?"

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று தடங்கள், 63,246 கோடி ரூபாய். கட்டுவது சிஎம்ஆர்எல் என்கிற சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம், அதில் மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதி பங்கு. ஆனால் சாலை ஒரு துறைக்குச் சொந்தம், அடியில் போகிற குழாய் இன்னொன்றுக்கு, கேபிள் வேறொன்றுக்கு. அதனால் பேனாவை எடுக்கும் முன், கெட்டுப்போன பொருள் யாருடையது என்று பாருங்கள்.

தகர வேலிக்கு உள்ளே நடப்பதெல்லாம் சிஎம்ஆர்எல்லும் அதன் ஒப்பந்ததாரரும்தான். வேலியில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு 1860-425-1515க்குச் சொல்லுங்கள். வேலை நடக்கிற நீளத்தில் வேலியை ஒட்டிய சாலையைப் பராமரிப்பதும் பெரும்பாலும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் ஆற்காடு சாலையும் மவுண்ட்-பூந்தமல்லி சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறை. உட்தெருக்கள் மாநகராட்சி, போன் 1913.

சாக்கடை விஷயத்தில்தான் மனுக்கள் அதிகம் அலைகின்றன. தெரு நடுவில் வட்ட மூடி போட்டது கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல். அது மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர், கழிவுநீர் வாரியம், போன் 1916. ஓரத்தில் சிமென்ட் பலகை மூடியது மழைநீர் வடிகால், அது மாநகராட்சி. எது பொங்குகிறது என்று சந்தேகமா? மழையே இல்லாத நாளில், காலையில் ஊரே குளிக்கிற நேரத்துக்கு மட்டம் ஏறினால் கழிவுநீர்தான். படத்தில் மூடியும் பக்கத்து வீட்டுக் கதவு எண்ணும் சேர்ந்து விழட்டும். மூடி தெரியாத படத்தை அனுப்பினால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவது மிகச் சுலபம்.

மின்கம்பியை இடம் மாற்றுவதற்குப் பணம் மெட்ரோ திட்டத்திலிருந்து வரும், லைன் மின்வாரியத்துடையது. ஆகவே இரண்டு பேருக்கும் எழுதுங்கள். கம்பி தொங்கினால் மட்டும் யோசிக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. போக்குவரத்து மாற்றம் போலீஸ். பஸ் நிறுத்தம் தள்ளிப்போனால் மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்டிசி. மரம் வெட்டப் போகிறார்கள் என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு.

சுவர் விரிசல் தனிக் கதை. ஆற்காடு சாலை வழியாகப் போகிற இந்த மெட்ரோ தடத்தில் கோடம்பாக்கத்துக்குக் கிழக்கே சுரங்கம். அந்தப் பக்கம் வீடு இருந்தால், இயந்திரம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கட்டட நிலை ஆய்வு செய்ய ஆள் வந்தால் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது கையில் இல்லாமல் பழைய விரிசல், புதிய விரிசல் என்று வாதாடுவது வீண்.

ரயில் ஓட அனுமதி தருகிற மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார்! ரயில் ஓட்டுபவர்களின் பிடியில் ஆய்வாளர் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். குழிக்கு அவரைத் தேட வேண்டாம்.

எல்லாம் செய்தும் பதில் வரவில்லையா? 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போனாலும் கவலை இல்லை. 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும், பதிலுக்கு 30 நாள். "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்டால் வளவளவென்று ஒரு பதில் வரும். இந்தச் சாலையை சிஎம்ஆர்எல்லிடம் ஒப்படைத்த கடிதத்தின் நகல், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்தத் தேதி வரை பராமரிப்பு அவர்களுடையது என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தை இணைத்து அடுத்த மனுவை எழுதுங்கள்.