சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உடற்பயிற்சி: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன ஞாயிறு பினாங்கின் மூன் கேட் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டுப் பசியாற உட்கார்ந்தோம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. மேசைமேல் அவருடைய கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணே, இன்னொரு தே தாரே சொல்லவா?" என்றார். மணி 9.40. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே கடையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தவன் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் குடியுங்கள், தசையை இளக்கிவிட்டு ஓடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஐந்து மணி அலாரம்

காணொளியில் வருகிறவர்கள் எல்லாம் ஐந்து மணிக்கு எழச் சொல்கிறார்கள். அவர்கள் ஊரில் விடிந்திருக்கும். பினாங்கில் சூரியன் எட்டிப் பார்க்க ஏழு மணியாவது ஆகும். 1982 புத்தாண்டன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து இதே கதைதான். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து இருட்டோடு வந்து நிற்கிறது. அதற்கும் முன்னால் எழுந்து ஓடுவதென்றால் நடுராத்திரியில் தெருநாய்களோடுதான் ஓட வேண்டும்.

நான் ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் அலாரம் என்னை எழுப்பவில்லை, குழந்தையை எழுப்பியது. ராத்திரியில் மூன்று தடவை பால் கலக்கும் வீட்டில், மிச்சமிருக்கும் தூக்கத்தையும் வெட்டிக்கொண்டு ஓடாதீர்கள்.

முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது

கிடைக்காது.

தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் ஒரு காலத்தில் சொன்னது. 2020இல் வந்த வழிகாட்டியில் அந்த நிபந்தனை இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, அவ்வளவுதான். எப்படி வேண்டுமானாலும் உடைத்துக்கொள்ளலாம். மகளின் நீச்சல் வகுப்பு 45 நிமிடம். மற்ற அப்பாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பார்கள், நான் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். முதல் இரண்டு வாரம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் இன்னொருவரும் சேர்ந்துகொண்டார்.

மனைவியின் நேரத்தை எடுத்து உடற்பயிற்சி செய்வது

இதைச் சொல்லத்தான் வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, என்மேல்தான்.

அப்போது மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவன் கைக்குழந்தை. பினாங்குப் பாலம் மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பதிந்துவிட்டேன். "ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம்தான்மா" என்று வீட்டில் சொன்னேன். மனைவியும் தலையாட்டினாள். சில மாதம் ஓடியது. அப்புறம் என்ன நினைத்தாளோ, மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டியில், நான் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் குறிக்க ஆரம்பித்திருக்கிறாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைத் தாள்களைக் கிழித்து வைத்திருந்தாள். ஐந்தாவது ஞாயிறு அவற்றை என் முன்னால் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

முதல் தாளில் 5.40, 10.10 என்று இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாயான் பாருவிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் போக அரை மணி. வண்டி நிறுத்த இடம் தேடக் கால் மணி. ஆட்கள் வந்து சேரக் கால் மணி. ஏறி இறங்க ஒன்றரை மணி. பசியாற ஒன்றேகால் மணி. திரும்பும்போது நெரிசல், முக்கால் மணி. வந்ததும் கால் வலிக்கிறது என்று படுத்தால் மதியத்தில் இரண்டு மணி நேரம் தூக்கம். நான் செய்த உடற்பயிற்சி ஒன்றரை மணி நேரம். அதற்காக அவள் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தது ஆறரை மணி நேரம்.

இதில் கொடுமை என்னவென்றால், பள்ளி நாளில் வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவள் அவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி. என்னென்ன அசைவுகள் செய்ய வேண்டும் என்று படம் போட்டு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தோம். அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்தத் தாளுக்கு மேலேயே என் மாரத்தான் பயிற்சி அட்டவணையை ஒட்டியிருக்கிறேன்.

இப்போது வாசலிலிருந்து வாசல் வரை எண்ணுகிறோம். சப்பாத்து மாட்டும் நிமிடத்தில் தொடங்கி, திரும்பி வந்து பிள்ளையைக் கையில் வாங்கும் நிமிடம் வரை எல்லாமே கணக்கு. எனக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு. வாரத்தில் அவளுடைய நாளைத்தான் முதலில் குறிக்கிறோம், இல்லாவிட்டால் அது எப்படியோ காணாமல் போய்விடுகிறது. புதன் மாலை அவள் தன் தங்கையோடு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படி ஏறுகிறாள். அன்றைக்குச் சோறும் முட்டைப் பொரியலும் என் கையால். ஞாயிறு என்னுடையது, ஆனால் ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். நண்பர்களோடு உட்கார்ந்து பசியாறுவது மாதம் ஒரு தடவை, அன்றைக்கு மட்டும் ஒன்பது மணிக்கு விலக்கு. மற்ற வாரங்களில் ரொட்டி சானாய் பொட்டலம் கட்டி எடுத்து வந்துவிடுகிறேன். மதியத் தூக்கம் கிடையாது. படுத்தே ஆக வேண்டும் என்கிற அளவுக்குக் களைத்தால், அளவுக்கு மீறி ஓடியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிற தம்பிகளிடம் இதைச் சொன்னால், "என் வைஃப் ஒண்ணும் சொல்றதில்லண்ணே" என்கிறார்கள். என் வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. தாள்தான் வந்தது.

அரை மாரத்தானை ஓடி முடித்தேன். பதக்கத்தை இளையவன் எங்கேயோ தொலைத்துவிட்டான்.

பிள்ளையோடு நடந்ததை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது

தாவரவியல் தோட்டத்தில் நான்கு வயதுப் பையனோடு ஒரு சுற்று வருவதற்குள் எறும்பு, குச்சி, குரங்கு என்று பதினைந்து இடத்தில் நிற்க வேண்டும். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கே வந்து வாங்கிக்கொள்ளும். அந்த வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிட ஓடியாடல் வேண்டும் என்கிறது அதே உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் வேகத்துக்கே நடங்கள். உங்கள் இதயம் வேகமாகத் துடிக்க வேண்டிய நேரத்தை வேறு இடத்தில் தேடுங்கள். இரண்டையும் ஒன்றாக முடிக்கப் பார்த்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடப்பீர்கள், அவனும் அழுவான்.

ரசீதைத் தூக்கிப் போடுவது

2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுச் செலவுக்கென்றே தனியாக 1,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஜிம் கட்டணம் சேரும், பந்தும் மட்டையும் சேரும். சப்பாத்து சேராது.

காய்ச்சல் வாரத்தை ஈடுகட்டுவது

பாலர் பள்ளியிலிருந்து கை, கால், வாய் நோய் என்று செய்தி வந்தால் அந்த இரண்டு வாரத்தை மறந்துவிடுங்கள். மூன்றாவது வாரம் இரட்டிப்பாக ஓட வேண்டாம்.