உடையைப் பார்த்துப் பட்டம் எழுதாதீர்கள்

மதுரையில் மத நல்லிணக்கக் கூட்டத்துக்கு ஒரு பிளக்ஸ் அடித்தால் போதும், மூன்று சமயத்தாரையும் ஒரே நாளில் சங்கடப்படுத்திவிடலாம். பெயரில் பிழை வருவது குறைவு. பெயருக்கு முன்னால் போடும் பட்டத்தில்தான் வரும். பெரும்பாலும் உடையைப் பார்த்து ஊகிப்பதால் வரும் வினை இது.

காவி உடுத்திய துறவி எவரையும் ‘ஆதீனம்’ ஆக்கிவிடுகிறார்கள். ஆதீனம் என்பது மடம். தெற்கு ஆவணி மூல வீதியில் இருக்கும் மதுரை ஆதீனத்தின் தலைவரைப் பேச்சில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். அழைப்பிதழில் ‘குருமகா சந்நிதானம்’ என்பதே முறை. ‘ஸ்ரீலஸ்ரீ’ அவருக்கு உரியது, மடத்தின் மற்றத் துறவிகளான தம்பிரான்களுக்கு ‘ஸ்ரீமத்’. மாற்றிப் போட்டால் அச்சகத்திலேயே பட்டமேற்பு நடந்துவிடும். காவியை நம்பக் கூடாது என்பதற்கு இவ்வூரிலேயே பழைய சான்று உண்டு: 1606இல் இங்கு வந்து, காவி உடுத்திச் சந்நியாசியாக வாழ்ந்த ராபர்ட் தெ நோபிலி கத்தோலிக்கக் குரு.

மீனாட்சியம்மன் கோயிலில் பூசை செய்பவர்கள் துறவிகள் அல்லர். சொல்லப்போனால், திருமணமாகித் தீட்சை பெற்றவருக்கே அங்கு கருவறைப் பூசை உரிமை. அவர்களைப் பட்டர் என்பதே ஊர் வழக்கு. ‘பூசாரி’ என்று அச்சடித்தால் முகம் சுளிப்பார்கள். அதற்காக, அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் பூசாரியைக் ‘குருக்கள்’ என்று உயர்த்த முனைவதும் தவறுதான். பூசாரி என்ன குறைந்த பட்டமா? ஓவியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மீனாட்சி கோயில் பட்டர் நெற்றியில் திருநீறு, அழகர்கோயில் பட்டர் நெற்றியில் திருமண்.

சித்திரைத் திருவிழாப் படங்களுக்குக் குறிப்பு எழுதுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. பட்டாபிஷேகத்தன்று பரிவட்டம் கட்டிச் செங்கோல் ஏந்தி வருபவர் அர்ச்சகர் அல்லர். அறங்காவலர் குழுத் தலைவர், அல்லது குழு இல்லாதபோது அதன் பொறுப்பை ஏற்கும் தக்கார். ஜரிகைக் குல்லாயும் வேடமுமாக அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுபவர் நேர்த்திக்கடன் செலுத்தும் பக்தர்.

அதிகம் குழம்புவது ‘பேராயர்’ என்ற பட்டத்தில். கத்தோலிக்கத்தில் மறைமாவட்டத் தலைவர் ஆயர், உயர்மறைமாவட்டத் தலைவர் பேராயர். மதுரை 1953 முதல் உயர்மறைமாவட்டம் என்பதால் இங்குள்ளவர் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையிலோ மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத் தலைவரே பேராயர். அங்கே ‘ஆயர்’ என்றால் சபைப் போதகர் என்று கொள்வாரும் உண்டு. ஆகவே பட்டத்தோடு திருச்சபையின் பெயரையும் எழுதிவிடுங்கள். ஊதாத் தொப்பி உதவாது. கத்தோலிக்க ஆயருக்கும் பேராயருக்கும் அது ஒன்றே. தவக்காலத் திருப்பலியில் சாதாரணப் பங்குத்தந்தையின் மேலாடையும் ஊதாதான். வெள்ளை அங்கியில் ஒரு பெண்மணி மேடையேறினால் உடனே ‘அருட்சகோதரி’ என்று விளிக்க வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள்.

தொப்பியும் தாடியும் இருந்தால் இமாம் என்று முடிவு கட்டுவது அடுத்த பிழை. தொழுகை நடத்துபவர் இமாம், பாங்கு சொல்பவர் மோதினார், மார்க்கக் கல்வி முடித்தவர் ஆலிம். இமாமையும் ஆலிமையும் நேரில் ‘ஹஜ்ரத்’ என்று அழைக்கலாம். ஹாஜி என்பவர் ஹஜ் செய்தவர், அவ்வளவே. ஜவுளிக்கடை முதலாளியாகவும் இருக்கலாம். காஜி என்பது அரசு நியமிக்கும் பதவி. ஹாஜி, காஜி இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.