'லன்' என்றால் தேவாலயமா? வேல்ஸ் ஊர்ப்பெயர்களில் தவறும் இடங்கள்

வேல்ஸ் வரைபடத்தில் எங்கே பார்த்தாலும் 'லன்' என்று தொடங்கும் ஊர்கள்: லன்டிட்னோ, லன்கோலென், லன்டைலோ. 'லன் என்றால் தேவாலயம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் முதல் தவறு. தேவாலயக் கட்டடத்துக்கு வேல்ஷில் 'எக்லுயிஸ்' என்ற சொல் தனியே உண்டு. லன் என்பது வளைத்து அடைத்த நிலம்; ஆங்கில 'லேண்ட்' இதற்கு உறவுச் சொல். பெர்லன் (பழத்தோட்டம்), குவின்லன் (திராட்சைத் தோட்டம்), கோர்லன் (ஆட்டுப்பட்டி) ஆகியவற்றில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. அடைத்த நிலத்தில் கோயிலும் கல்லறைகளும் வந்த பிறகே சொல் கோயிலுக்கும், பிறகு ஊருக்கும் ஆகிவந்தது.

அடுத்து வருவது புனிதர் பெயர்தான் என்று நம்பிவிடவும் கூடாது. லன்டிட்னோவில் டிட்னோ புனிதர், சரி. லன்டாவில் இருப்பதோ டாவ் ஆறு. லன்டார்சி இன்னும் வேடிக்கை: 1920 வாக்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்த அந்த ஊரின் 'புனிதர்', பாரசீகத்தில் எண்ணெய்த் தொழில் தொடங்கிய வில்லியம் நாக்ஸ் டார்சி!

அதிகம் பேர் சறுக்குவது மெய்த்திரிபில். லன் பெண்பால் பெயர் என்பதால் பின்வரும் பெயரின் முதல் மெய் மெலிகிறது. மரியாளைக் குறிக்கும் 'மைர்' 'வைர்' ஆகி, ஊர் லன்வைர் ஆகிறது. அகராதியில் 'வைர்' என்று தேடினால் மரியாள் அகப்படமாட்டாள். மகரத்தில் தேட வேண்டும். 'பெடர்' (பேதுரு) லன்னோடு சேரும்போது வல்லொலிப் பகரம் (p) மெல்லொலியாகிறது (b). தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் மாற்றம் கண்ணில் படாது. காதில் விழுந்தாலும், 'பம்பரம்' என்பதில் மகரத்தால் நேர்வது போல இங்கே னகரத்தால் நேர்ந்தது என்று தோன்றும். காரணம் னகரம் அல்ல, இலக்கணப் பால்தான்.

உச்சரிப்பில் 'க்லன்', 'த்லன்' இரண்டும் பிழை. இங்கே 'லன்' என எழுதுவதும் வசதிக்காகத்தான். 'ல்' சொல்ல நாக்கை வைத்து, அசைக்காமல், குரலை நிறுத்தி, நாக்கின் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு இருக்கக் கூடாது. ஆங்கிலேயர் காதில் இது எப்படி விழுந்தது என்பதற்கு, 'லுயிட்' என்ற ஒரே வேல்ஷ் பெயர் லாய்டு என்றும் ஃப்ளாய்டு என்றும் பிரிந்ததே சாட்சி.

ஆங்கில்சி தீவில் உள்ள, 58 எழுத்து நீளும் அந்தப் புகழ்பெற்ற பெயரைப் பழமைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். ஊரின் பழைய பெயர் லன்வைர் புல்குவின்கில் மட்டுமே. மீதி வால் 1860களில் பயணிகளை ஈர்க்க ஒட்டியது. வேல்ஷ் அரிச்சுவடிப்படி எண்ணினால் எழுத்துகள் 51தான், இரட்டை எல்லும் (ll) 'சி-எச்'சும் (ch) அங்கே ஒவ்வோர் எழுத்தாதலால்.